கிணற்றுக்குள் ஒரு வேட்டு

அவிநாசியிலிருந்து எனக்குப் பூ வைக்க வந்தவர்கள், தேங்காய் பழத்தோடு ரைஃபிளையும் காரில் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா லட்சுமணசாமிக்கு மில் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக வாய் இருக்கிறது. காட்டுப்பன்றி விரட்டிய கதையை வந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

தோட்டம் பார்க்கப் போனோம். மழைக்குப் பிறகு கிணறு மேல்படி வரை நிறைந்து தெளிந்திருந்தது. ஆழத்தில் கிடந்த விரால் ஒன்று அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"ஏனுங்க சம்பந்தி, ஒரே போடு! மீனு செத்துப்போயிரும், பாருங்க."

நல்ல நாளும் அதுவுமாக வேண்டாமென்று என் அப்பா சொல்லியிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை கிருபாசங்கர் எஞ்சினியர். காரிலிருந்து ரைஃபிள் வருவதற்குள் என் பக்கம் நகர்ந்து மெதுவாகச் சொன்னான்.

"மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. குண்டு அத்தனை வேகத்துல போய் மோதுனா தண்ணியே அதை ஒடச்சுப்போடும். வேகம் கூடக்கூட சீக்கிரம் நின்னுக்கும். மூணடி தாண்டறதே பெருசுங்க. மீனு அதுக்கும் கீழ கெடக்குது."

எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இந்தக் கும்பலில் மூளையுள்ளவன் ஒருவன் இருக்கிறான், இவனோடு காலம் தள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேட்டு வெடித்தது. தண்ணீர் எகிறி லட்சுமணசாமியின் பட்டுவேட்டியை நனைத்தது. அலை அடங்கியபோது மீனைக் காணவில்லை.

"செத்து அடியில கெடக்குது," என்றார்.

"ஆமாங்க, ஆமாங்க," என்றது அவிநாசிக் கூட்டம். அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

என் அண்ணன் அருள்குமாருக்குப் பொறுக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, மூழ்கியிருந்த படியொன்றில் தடவி எதையோ எடுத்துவந்தான். உடைந்த குண்டுதான்: நசுங்கிய ஈயத்துண்டும் அதன் மேலுறையான கிழிந்த செம்புத் தகடும்.

"இடுப்பளவு தண்ணியிலயே கெடந்துச்சுங்க."

"மீனைத் தொளச்சுப்போட்டு மேல வந்திருக்கும்," என்றார் லட்சுமணசாமி. அறிவுக் களஞ்சியம்!

நான் கிருபாசங்கரைப் பார்த்தேன். சற்று முன் எனக்குப் பாடம் எடுத்தவன் தொண்டையைச் செருமினான்.

"ஆமாங்கப்பா. அப்படித்தான் இருக்கும்."

அந்த நேரம் பார்த்து விரால் மேலே வந்தது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கிவிட்டு, யாரையும் சட்டை செய்யாமல் உள்ளே போனது. எல்லோரும் பார்த்தோம்.

"அது வேற மீனுங்கப்பா," என்றான் கிருபாசங்கர், யாரும் கேட்காமலேயே.

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மா சாந்தாமணி மல்லிகைச் சரத்தோடு என் பின்னால் வந்து நின்றார். தலையை விலக்கிக்கொண்டேன்.

"வேண்டாங்க."

"ஏங் கண்ணு? எம் பையனுக்கு என்ன கொறச்சல்?"

"படிப்புலயும் சொத்துலயும் ஒரு கொறச்சலும் இல்லீங்க. அந்த மீனு உசுரோட இருக்குதுன்னு அவர் வாயால ஒருக்கா சொல்லச் சொல்லுங்க. பூ வெச்சுக்கறேன்."

கூடமே அவனைப் பார்த்தது. அவன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

சாந்தாமணி சரத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.