கயிற்றுக்கு வெளியே

அக்கா போன பிறகு அவள் வேலை பார்த்த பள்ளியில் ஒரு நினைவு மலர் போட்டார்கள். முப்பத்திரண்டு பக்கம், மெல்லிய அட்டை. இருபத்தாறு வருடம் அங்கே விளையாட்டு டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கைகட்டி டீச்சர். பந்தயம் நடக்கும்போது கயிற்றோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாளாம். யார் விழுந்தாலும் அந்தக் கை அவிழாதாம். ஒன்பதாம் பக்கத்தில் அதற்குக் காரணமும் அச்சாகியிருந்தது. பள்ளி நாட்களில் ஒரு பந்தயத்தில் அவளுடைய தங்கை விழுந்துவிட்டாள், தூக்கப் போனபோது "தொடாதே அக்கா" என்று தங்கையே தடுத்துவிட்டாள், விதியை மதித்து அன்று கட்டிய கை அது என்று.

அந்தத் தங்கை நான்தான். அந்தப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைப் புழக்கத்தில் விட்டதும் நான்தான். திருத்தம் ஏதாவது இருந்தால் எழுதித் தரும்படி தலைமை ஆசிரியை கேட்டார். ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

அப்போது அக்காவுக்குப் பள்ளியில் கடைசி வருடம். நான் இரண்டு வகுப்பு கீழே. எங்கள் பள்ளியில் கிராஸ் கன்ட்ரி அணி என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மைதானத்தைச் சுற்றி வரும் ஓட்டம் இல்லை அது. மேடு, பள்ளம், சேறு, வாய்க்கால் என்று நாலு கிலோமீட்டர் ஓட வேண்டும். விளையாட்டு ஆசிரியருக்குக் கைப்பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்களைக் கணக்கு டீச்சர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. ஆனால் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் புரியவைத்துவிட்டார். ஒவ்வொரு அணியிலும் முதலில் வரும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்த்து அந்த எண்களைக் கூட்ட வேண்டும். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவர்களுக்கு வெற்றி. ஐந்து பேர் ஓடி முடிக்காத அணி கணக்கிலேயே வராது.

"முதல் ஆளுக்குக் கைதட்டல் கிடைக்கும். கோப்பை அஞ்சாவது ஆள் கையிலதான் இருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

ஆறு பேராகத் தொடங்கினோம். ஒருத்தியின் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பமே ஊரைவிட்டுப் போனது. மிச்சம் ஐந்து. முதலில் அக்கா. அடுத்து ஒட்டகம், உடம்பில் பாதிக்குமேல் காலாகவே வளர்ந்தவள். பிறகு அச்சகக்காரர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள். அவர்களில் முதலில் பிறந்தவளுக்கு அசல் என்றும் அடுத்தவளுக்கு நகல் என்றும் பெயர் வைத்திருந்தோம். எது எது என்று கடைசிவரை எங்களுக்குக் குழப்பம்தான். கடைசியில் நான். என் பெயர் வால்.

பருவத்தில் மூன்று பந்தயங்கள், நான்காவது மண்டலப் பந்தயம். மண்டலத்தில் முதல் இரண்டு அணிகள் மட்டும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். அணி தோற்றுத் தனி ஆள் மட்டும் போவது என்பது அந்த வருடம் கிடையாது. இறுதிப் போட்டிக்குத்தான் உடற்கல்விக் கல்லூரியிலிருந்து ஆள் வருவார்கள், பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். படிப்பில் அக்கா சுமார். கல்லூரி கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கும் வீட்டில் பதில் இருந்தது. அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வரிசையில் இருந்தாள். அதே வரிசையில் அக்காவுக்கும் ஒரு மெஷினைச் சொல்லி வைத்திருந்தாள். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எதுக்கும் இருக்கட்டும், குடை எடுத்துட்டுப் போற மாதிரி என்பாள். அக்கா எத்தனை வேகமாக ஓடினாலும், அவள் குடை பிடிப்பதும் பிடிக்காததும் என் காலில் இருந்தது.

அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக். பயிற்சி முடிந்து நான் மூச்சிரைக்க வந்து விழும்போது தலையைச் சாய்த்து அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்பார். இஞ்சினில் கோளாறு இல்லை, டிரைவர்தான் பயந்தாங்கொள்ளி என்று தீர்ப்புச் சொல்வார்.

முதல் பந்தயத்தில் ஒன்பது பள்ளிகளில் எங்களுக்கு எட்டாவது இடம். நான் ஐம்பத்தெட்டாவதாக வந்தேன். இரண்டாவது பந்தயத்தில் நான் வரவே இல்லை. பாதி வழியில் விலாவில் பிடித்துக்கொண்டது. ஒரு பம்ப் அறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன், வலி விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. குறுக்கு வழியில் போய் வேனில் ஏறிக்கொண்டேன். அன்று அக்கா இரண்டாவதாக வந்திருந்தாள். நாலு பேர்தான் முடித்தார்கள் என்பதால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஒரே அறை, ஒரே மேஜை, ஒரே கண்ணாடி. அதில் பேசாமல் இருப்பது சாமானியப்பட்ட வேலை இல்லை. நான்காம் நாள் குழாயடியில் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"நீ உட்கார்ந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல."

"அப்புறம் ஏன் பேசல?"

"உன்னைத் தேடிக்கிட்டு அந்தப் பாதையை இன்னொரு சுத்து ஓடினேன்டி. எங்கயாவது மயங்கிக் கிடக்கிறியோன்னு. மகாராணி வேன்ல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். பிறகு ஈர ஷூவால் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்குப் பிறகு காலையில் என்னோடுதான் ஓடினாள். அறிவுரை எதுவும் கிடையாது. அடுத்த விளக்குக் கம்பம்வரை முன்னால் ஓடுவாள், திரும்பி என்னிடம் வருவாள், மறுபடி முன்னால் போவாள். நான் ஒரு மைல் ஓடினால் அவள் கணக்கில் இரண்டு மைல். மூன்றாவது பந்தயத்தில் நான் முப்பத்தொன்பதாவது, அணி மூன்றாவது. கணக்கு டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லாப் பள்ளிகளின் எண்களையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எப்போதும் முதலில் வரும் பள்ளியை எட்டவே முடியாது, இரண்டாம் இடத்துக்கு மஞ்சள் பனியன் பள்ளியோடுதான் நம் வழக்கு என்றார். அவர்களுடைய ஐந்தாவது ஆள் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண். மற்ற எல்லோரையும் மறந்துவிட்டு அவளை மட்டும் பார்க்கும்படி எனக்கு உத்தரவு.

இன்னொன்றையும் மனப்பாடம் செய்யவைத்தார். கடைசி இருநூறு மீட்டருக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருப்பார்கள். ஓடி முடித்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஓடுகிறவளை யாராவது தொட்டால், தொடப்பட்டவளின் எண்ணை அடித்துவிடுவார்கள். ஆறேழு பேர் இருக்கும் அணிக்கு அது சிராய்ப்பு. ஐந்தே பேர் உள்ள எங்களுக்குக் கழுத்து போய்விடும்.

மண்டலப் பந்தயத்துக்கு முன்னால் இரண்டு நாள் மழை. மூன்றாவது கிலோமீட்டரில் ரெட்டைச் சடையைப் பிடித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலிருந்தே அவளுக்கும் என்னைப் பற்றி உத்தரவு இருப்பது தெரிந்தது. கயிறு தொடங்கும் இடத்தில் ஒரு வாய்க்கால், அதன்மேல் பலகை போட்டுச் சாக்கு விரித்திருந்தார்கள். இரண்டடி முன்னால் நான். சாக்கு நழுவியது. என் முழங்கால் பலகையின் விளிம்பில் மோதியது. பின்னால் வந்தவள் என்மேல் இடறி விழுந்தாள்.

முகத்தில் சேறு. நிமிர்ந்தால் இரண்டு கை தூரத்தில் அக்கா. முதலாவதாக ஓடி முடித்துவிட்டு என்னைப் பார்க்கத் திரும்பி வந்திருந்தாள். அவளுடைய ஒரு கால் அதற்குள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

நான் கையை நீட்டினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் மாறியிருப்பது இந்த இடம்தான். நான் எதுவும் சொல்லவில்லை. என்னைத் தூக்கு என்று கையை நீட்டினேன். அவள் கையைப் பார்த்தாள். காலைப் பின்னால் எடுத்துக் கயிற்றுக்கு வெளியே வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்றதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்களைக் கடந்து பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் உதடுகள் அசைந்தன. எனக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் கடந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

அந்த நேரத்தில் மஞ்சள் பனியன்களில் முதலில் வந்தவள் கயிற்றுக்கு அடியில் புகுந்து, ரெட்டைச் சடையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டி அனுப்பினாள். வாய்க்காலோரம் கொடியோடு நின்ற நடுவர் பையிலிருந்து தாளை எடுத்ததை நான் பார்த்தேன். அதன் பொருள் அப்போது மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளைத் தூக்கினார்கள், என்னைத் தூக்கவில்லை என்பதுதான். அந்த ஆத்திரத்தில்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். நொண்டிக்கொண்டே ஓடினேன். கயிற்றுக்கு வெளியே அக்கா கூடவே வந்தாள், கட்டிய கையோடு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவில் கையில் கொடுத்த அட்டையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. டீச்சர் அங்கேயே நின்று கூட்டினார். ஒன்று, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தேழு, நாற்பத்தொன்று. மொத்தம் நூறு. மஞ்சள் பனியன்களுக்குத் தொண்ணூற்றேழு. என்னையும் ரெட்டைச் சடையையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாக ஐம்பத்தொன்பது. அவள் முப்பத்தெட்டு, நான் நாற்பத்தொன்று. இதைவிடத் துல்லியமாக ஒருத்தியைக் குற்றவாளியாக்க முடியாது.

வேனில் ஏறினோம். அசலோ நகலோ ஒருத்தி என் முழங்காலில் கைக்குட்டையைக் கட்டினாள். ஒட்டகம்தான் கடைசியில் அக்காவிடம் திரும்பினாள்.

"பக்கத்துலதானே நின்ன? எப்படியும் தோத்தாச்சு. கூடப்பிறந்தவளைத் தூக்கிவிட்டாவது தோத்திருக்கலாம்ல?"

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடரி சிவந்திருந்தது.

"நான்தான் தொடாதேன்னு சொன்னேன்," என்றேன்.

அக்கா திரும்பவில்லை. ஒட்டகம் என்னை ஏற இறங்கப் பார்த்து, என் தோளைத் தட்டினாள். அந்தப் பொய்க்கு அரை நிமிடம்கூட வயதாகவில்லை, அதற்குள் கணக்கு டீச்சர் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி நாங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான். ரெட்டைச் சடையின் எண்ணை அடித்துவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் ஓரிடம் முன்னேற்றம். என் நாற்பத்தொன்று நாற்பது ஆனது, எங்கள் நூறு தொண்ணூற்றொன்பது. அவர்கள் தங்கள் ஆறாவது ஆளை எடுத்துக்கொண்டதில் நூற்றிரண்டு.

வேன் ஆடும் அளவுக்குக் குதித்தோம். அக்கா குதிக்கவில்லை. எதிரே நின்ற வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தூக்கிவிட்டவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ரெட்டைச் சடை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

இறுதிப் போட்டியில் அக்கா பதினேழாவதாக வந்தாள். அது போதுமானதாக இருந்தது. கல்லூரி, பிறகு வேலை, பிறகு இருபத்தாறு வருடம். "தொடாதே அக்கா" கதையை அப்பா பணிமனையில் சொன்னார், அம்மா தொழிற்சாலையில் சொன்னாள், அக்காவின் கல்யாணத்தில் ஒட்டகம் மைக்கில் சொன்னாள். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போதும் நாங்கள் அதைத் தொடவில்லை.

போன வருடம் நோய் எலும்புக்குள் இறங்கிய பிறகு அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. நோயாளியை உறவினர் தனியாகத் தூக்கக் கூடாது, மணி அடித்து நர்ஸைக் கூப்பிடவும். எலும்பு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது என்று நர்ஸ் என்னிடம் தனியாகவும் சொல்லியிருந்தாள். ஒரு நாள் மத்தியானம், நான் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா கேட்டாள்.

"அன்னைக்கு நீ கையைத்தானே நீட்டின?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "ஆமா."

"ஏன் பொய் சொன்ன?"

"ஒட்டகம் உன்னைத் திட்டினா. உன்னைத் திட்ட அவ யாரு? அதுக்கு நான் இருக்கேன்."

"நீ திட்டவே இல்லையே."

"மறந்துபோச்சு."

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்தினாள். தான் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். நான் உண்மையிலேயே தொடாதே என்று சொல்லித் தனக்குத்தான் காதில் விழவில்லையோ என்று பல வருடம் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னாள். அப்படி நினைத்துக்கொள்ளும் நாட்களில் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்ததாம்.

 பிறகு அவளுக்கு முதுகு வலித்தது. எழுந்து உட்கார வேண்டும் என்று கையை என் பக்கம் நீட்டினாள். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அட்டை கண்ணில் பட்டது. மணியை அழுத்தினேன். நர்ஸ் வர நேரமாயிற்று. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா என் கைகளைப் பார்த்தாள்.

"கஷ்டமா இருக்குல்ல?" என்றாள்.

தலையை ஆட்டினேன். நர்ஸ் உதவிக்கு இன்னொருத்தியோடு வந்து, அவளை மெதுவாகத் தூக்கி உட்காரவைத்தாள்.

ஒன்பதாம் பக்கத்துக்கான திருத்தம் இவ்வளவுதான். தங்கை எதுவும் சொல்லவில்லை, கையை நீட்டினாள். பக்கத்தில் உள்ள மற்றதெல்லாம் சரி.