புகைக்காத வீட்டில் நாற்பத்து மூன்று ஆஷ்ட்ரே

அமுதவள்ளியின் வீட்டில் சிகரெட் பிடிப்பவர் ஒருவரும் இல்லை. ஆஷ்ட்ரே மட்டும் நாற்பத்து மூன்று இருந்தன. கோட்டைக்கொச்சியில் அவள் அறை பெருக்கும் பழைய ஹோட்டலில், இனி உள்ளே யாரும் புகைக்கக் கூடாது என்று பலகை மாட்டிய அன்று, ஒரு சாக்கு நிறைய ஆஷ்ட்ரேக்களைப் பழைய சாமான் கடைக்குப் போடக் கட்டி வைத்தார்கள். மேனேஜரிடம் கேட்டு ஆறு எடுத்து வந்தாள். அதோடு நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஞாயிறுதோறும் கொச்சங்காடிப் பழைய சாமான் கிடங்குகளில் போய்க் கிளற ஆரம்பித்தாள்.

சுற்றிலும் குட்டி ரப்பர் டயர் மாட்டிய கண்ணாடி ஆஷ்ட்ரேயில் மகள் கற்பகத்தின் வளையல்கள் வந்து உட்கார்ந்தன. நீலக் கண்ணாடி ஆஷ்ட்ரேக்களில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் விட்டு ஜன்னலில் வரிசை வைத்தாள். பூப்போட்ட பீங்கான் ஆஷ்ட்ரேக்கள் பதினொன்று, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றிச் சுவரில் ஏறின. தாமரை போல் வார்த்த பித்தளை ஆஷ்ட்ரே ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பின்வாசல் மாடத்தில் திருநீற்றுத் தட்டாக வைத்தாள். சிகரெட் சாய்க்கும் பள்ளங்களில் ஊதுபத்தி அழகாகச் சாய்ந்துகொண்டது.

“பீடி வாசனையே தெரியாத வீட்டுல இது என்னத்துக்குட்டி?” என்று புலம்பிக்கொண்டேதான் அவள் புருஷன் சுப்புராஜ் சுவரில் ஒட்டிக் கொடுத்தான். டைல்ஸ் மேஸ்திரி அல்லவா, ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

கற்பகம் காக்கநாட்டில் ஐடி கம்பெனியில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கும் சாய்கிருஷ்ணாவும் அவளும் ஒருவரையொருவர் விரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கம் சம்மதம். அந்தப் பக்கம் சாயியின் அம்மா பாக்கியலக்ஷ்மி மட்டும் தலையாட்ட வேண்டும். அந்த அம்மாள் வீடு பார்க்க வருகிறாள் என்றதும் கற்பகம் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, சாயியோட அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. அன்னையோட அவரு சிகரெட்டை விட்டுட்டாரு. சிகரெட் பிடிக்கிற வீட்டுப் படியை அந்த அம்மா மிதிக்கவே மாட்டாங்க. இதையெல்லாம் பரண்ல ஏத்திருங்க.”

“செடி வச்சா அது பூந்தொட்டி, வளையல் வச்சா வளையல் தட்டு. யாரு கண்டுபிடிக்கப் போறா?” என்றாள் அமுதவள்ளி. அத்தனை பாடுபட்டுத் தேய்த்ததைப் பரணில் ஏற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தேவராவிலிருந்து சாயியும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். பாக்கியலக்ஷ்மி வாசலிலேயே ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரி வாசனைதான் வந்தது. உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இது கொள்ளாமே! எவ்வளவு பங்கியா, அழகா இருக்கு! எங்க வாங்கினது?”

“எல்லாம் நம்ம கைவேலைதாங்க” என்றாள் அமுதவள்ளி. தலை கூரையில் இடிக்காத குறை.

பாக்கியலக்ஷ்மியின் கணவர் ரமேஷ்பாபுவின் பார்வை சுவரிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சுவருக்கும் போய் வந்துகொண்டே இருந்தது. பாதிச் சாயாவில் எழுந்து, போன் வருகிறது என்று பின்வாசல் பக்கம் போனார். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. திரும்பி வந்தபோது வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் பாக்கியலக்ஷ்மியின் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்குப் பொண்ணை நல்லாப் பிடிச்சுப் போச்சு. திருநீறு கொண்டு வாங்க, பூசிட்டு மத்ததைப் பேசலாம்.”

அமுதவள்ளி ஓடிப்போய் மாடத்திலிருந்த தட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். பாக்கியலக்ஷ்மி கண்ணை மூடி, மூன்று விரலை விட்டு எடுத்தாள். திருநீற்றோடு பாதி சிகரெட்டும் வந்தது. நுனியில் இன்னும் சூடு இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். தட்டின் பள்ளங்களைப் பார்த்தாள். பிறகு சுவரை, ஜன்னலை, வளையலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஈஸ்வரா! இது ஆஷ்ட்ரே. அதும் ஆஷ்ட்ரே. வீடு முழுக்க ஆஷ்ட்ரேயா! யாரு இங்க சிகரெட் வலிக்கிறது?”

சாய்கிருஷ்ணா வந்ததிலிருந்து இடத்தை விட்டு அசையவே இல்லை. பின்வாசலுக்குப் போய் வந்தவர் ஒரே ஒருவர்தான். அமுதவள்ளி அவரைப் பார்த்தாள். ரமேஷ்பாபுவுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே வியர்த்துக் கொட்டியது. காட்டிக் கொடுத்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். சாம்பல் நிறைந்த ஆஷ்ட்ரேயைப் பார்த்து, இந்த வீட்டுக்காரரும் நம்ம ஆள்தான் என்று நம்பி அணைத்துப் புதைத்துவிட்டார், பாவி மனுஷன்! சொன்னால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூளும், சம்பந்தம் போகும். சொல்லாவிட்டாலும் போகும். பரணில் ஏற்றியிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று தன்னையே நொந்துகொண்டு அவள் வாயைத் திறக்கும் முன்னே, அந்தக் கெஞ்சலைக் கவனித்துவிட்ட சுப்புராஜ் எழுந்து நின்றான்.

“நான்தாங்க குடிச்சேன்.”

கற்பகம் “அப்பா!” என்றாள்.

பாக்கியலக்ஷ்மி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எது குடிப்பீங்க?”

“அது வந்து... வெள்ளையா நீட்டமா இருக்கும்லா, அதாங்க.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

சுப்புராஜ் யோசித்தான். “ஒரு கிலோ இருக்கும்” என்று சொல்ல வந்து, ஏதோ தப்பு என்று தெரிந்து, “ஒண்ணு” என்று முடித்தான்.

“எங்க வாங்குவீங்க?”

அவனுக்குத் தெரிந்தது ஒரே கடைதான். “ஹார்ட்வேர் கடையிலங்க.”

அதற்கு மேல் ரமேஷ்பாபுவால் தாங்க முடியவில்லை. துள்ளி எழுந்து சுப்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். “மதி சம்பந்தி, போதும்! எனக்காக இவ்வளவு அவமானம் வேண்டாம்.” சாக்ஸுக்குள் கை விட்டுச் சிகரெட் பெட்டியை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார். “நான்தான் பாக்கியம். இன்னும் விடலை.”

பாக்கியலக்ஷ்மி பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த சிகரெட்டுகளை எண்ணினாள். கண் கலங்கிவிட்டது. பிறகு கற்பகத்தின் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு வருஷமா என் முகத்தைப் பார்த்து இவர் பொய் சொல்லிருக்கார். எனக்குத் தெரியலை. உங்க அப்பாவுக்கு ரெண்டு நிமிஷம் பொய் சொல்ல வரலை. நீ அவரு பொண்ணுதானே? எங்க வீட்டுக்கு அப்படி ஒருத்தி இப்பவே வேணும். வந்து முதல்ல உன் மாமனாரோட சாக்ஸை நோக்கு.”

ரமேஷ்பாபு தலையைத் தொங்கப் போட்டார். சாயிதான் முதலில் சிரித்தான். அப்புறம் கற்பகத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அமுதவள்ளி புதுத் திருநீறு எடுக்க உள்ளே ஓடினாள். பின்னாலேயே சுப்புராஜ் வந்தான். முகத்தில் கவலை தீரவில்லை.

“ஏட்டி,” என்று அவள் காதருகே குனிந்தான், “சிகரெட்டு ஹார்ட்வேர் கடையில விக்காதா?”