பதினேழாவது சொல்

சுற்றறிக்கை பாடசாலைக்கு வந்தது மாசி மாதம் பத்தாம் திகதி, திங்கட்கிழமை. மொத்தம் இரண்டு பக்கம்.

நான்காம் தரப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வுத் திட்டம் அளக்கப்போகிறது, இதற்கு எந்த ஆயத்தமும் தேவையில்லை என்று முதல் பக்கத்தில் இருந்தது. சராசரி முப்பது சொல்லுக்குக் குறைவாக வரும் பாடசாலைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு வாசிப்பு ஆசிரியர் அனுப்பப்படுவார் என்பது இரண்டாம் பக்கத்தில். அதிபர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அறிவித்தல் பலகையில் குத்தினார்.

“ஆயத்தம் தேவையில்லையாம்,” என்றார்.

“அப்பிடியெண்டா மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஆயத்தப்படுத்தி முடிச்சிட்டுது எண்டு அர்த்தம், சேர்,” என்றார் செல்வநாயகம் மாஸ்ரர்.

மாஸ்ரர் பாடசாலையில் படிப்பிப்பவர் அல்ல. அடுத்த வளவில் தகரக் கொட்டில் போட்டு ரியூசன் நடத்துபவர். சோதனை என்ற சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த கருத்து ஒன்றுதான்: பிள்ளைகள் நல்ல புள்ளி எடுக்க வேண்டிய விசயம். இரத்தச் சோதனை என்றாலும் முதல் நாள் மாதிரி வினாத்தாள் செய்விக்கக்கூடியவர்.

திட்டக்காரர் ஏற்கெனவே மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் முன்னோட்டம் பார்த்திருந்தார்கள். மாஸ்ரரின் மச்சான் அங்கே ஆசிரியர். ஆகவே வாசிப்புப் பந்தி அன்று பின்னேரமே மாஸ்ரரின் போனுக்கு வந்து சேர்ந்தது. அறுபது சொல். ‘சனிக்கிழமை காலை மாலா அம்மாவுடன் சந்தைக்குப் போனாள். அங்கே நிறையக் கடைகள் இருந்தன. அம்மா ஒரு பூசணிக்காய் வாங்கினாள். மாலா பத்து எலுமிச்சம்பழம் வாங்கினாள்…’ என்று போகும். மறுநாளிலிருந்து கடைசிப் பாடவேளையில் நான்காம் தரம் முழுவதும் கொட்டிலுக்குப் போக வேண்டும் என்று அதிபர் உத்தரவிட்டார்.

அறிவித்தல் பலகையில் முதல் பக்கத்தைத் தூக்கிப் பார்த்த ஒரே மனிதர் மத்தேயு. நந்திக்கடலில் இறால் பிடிப்பவர். வலையென்றாலும் கடதாசியென்றாலும் மறுபக்கம் பார்க்காமல் விடமாட்டார். அவருடைய மகள் கலிஸ்ரா நான்காம் தரத்தில் இருந்தாள். தன் பெயரை அழகாக எழுதுவாள். அந்தப் பெயரில் உள்ள ‘க’வைக் ‘கடல்’ என்ற சொல்லில் காட்டினால், புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். மத்தேயு சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். முதல் நாள் அவள் அழுதாள், இரண்டாம் நாள் அவர் அழுதார். இரண்டாம் பக்கத்தை வாசித்ததும் அவர் நேரே கொட்டிலுக்குப் போனார்.

“மாஸ்ரர், இதில நல்லாச் செய்தா ரீச்சர் வரமாட்டா. அடுத்த பக்கத்தில கிடக்கு.”

“அப்ப பிள்ளையள் பெயிலாக வேணும் எண்டுறீரோ?”

“பாசும் வேண்டாம், பெயிலும் வேண்டாம். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லட்டும்.”

“மத்தேயு, அந்தச் சொல் என்ர கொட்டிலுக்குள்ள இல்லை. அதைச் சொன்னா என்ன நடக்கும் எண்டு உம்மட மகளைக் கேளும்.”

கேட்கத் தேவை இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த கலிஸ்ரா உள்ளங்கையைப் பின்னால் ஒளித்தாள்.

மத்தேயு அதிபரிடமும் போனார். அதிபர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உம்மட ஒரு பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தின்ர பெயரைக் கெடுக்கச் சொல்லுறீரோ?” என்றார்.

மூன்று வாரம் மாலா சந்தைக்குப் போய் வந்தாள். கடைசி நாள் மாஸ்ரர் ஒரு நுட்பம் சொல்லிக்கொடுத்தார்.

“ஒரே ஓட்டத்தில சொன்னா சந்தேகப்படுவினம். பதினேழாவது சொல்லில எல்லாரும் ஒருக்காத் தடக்குங்கோ. ‘எலு… எலுமிச்சம்பழம்’. எங்க, சொல்லுங்கோ பாப்பம்!”

இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒற்றுமையாகத் தடக்கினார்கள்.

அளக்க வந்தவர் திட்டத்தின் கள உத்தியோகத்தர் நிசாந்தினி. முன்பு ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவர். இப்போது கையில் நிறுத்தற்கடிகாரத்துடன் ஒரு நாளைக்கு இரண்டு பாடசாலை ஓடுகிறவர். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, பந்தியை முன்னால் வைத்து, கடிகாரத்தை அமத்தினார். கலிஸ்ரா அறுபது சொல்லையும் நாற்பத்தொரு செக்கனில் முடித்தாள். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு எண்பத்தெட்டு. சுற்றறிக்கையை அந்த வேகத்தில் வாசித்திருந்தால் அதிபர் இரண்டாம் பக்கத்துக்கும் வந்திருப்பார்.

பெறுபேறு சித்திரையில் வந்தது. பாடசாலைச் சராசரி எழுபத்தொன்று. வாசிப்பு ஆசிரியர் தேவையில்லை. கொட்டிலின் முகப்பில் கலிஸ்ராவின் படத்தோடு ஒரு பனர் ஏறியது: ‘88! மாவட்டத்தின் மின்னல் வாசிப்பு!’ அதை வாசிக்க முடியாத ஒரே நான்காம் தரப் பிள்ளை அவள் என்று சொல்ல முடியாது. கூட இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள்.

திட்டத்தின் அறிக்கையும் அச்சில் வந்தது. அதில் இந்தப் பாடசாலையைப் பற்றித் தனியாக ஒரு பந்தி. இருபத்து மூன்று பிள்ளைகளும் பதினேழாவது சொல்லில் தடுமாறியது கொழும்பில் இருந்த ஆய்வாளர்களின் நித்திரையைக் கெடுத்திருந்தது. இரண்டு நாள் விவாதித்துக் காரணம் கண்டுபிடித்தார்கள்: இந்தப் பகுதியில் எலுமிச்சம்பழத்தைத் தேசிக்காய் என்பார்கள். ஆகவே பிழை சொல்லில், பிள்ளைகளில் அல்ல. எந்தப் பேராசிரியரும் மறுக்க முடியாத விளக்கம்.

மத்தேயு ஒற்றை றூல் தாளில் ஒரு விண்ணப்பம் எழுதினார். ‘என் மகள் எண்பத்தெட்டுச் சொல் வாசித்ததாக அறிவித்துள்ளீர்கள். அவளுக்கு எட்டும் தெரியாது. தயவுசெய்து இதை ரத்துச் செய்து, அவளைத் தெரியாதவர் பட்டியலில் சேர்த்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அதை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்.

நிசாந்தினி விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“ஐயா, பிள்ளைக்குப் புள்ளி காணாது எண்டுதான் எல்லாரும் வருவினம். நீங்கள் கூடிப்போச்சு எண்டு வந்திருக்கிறியள்.”

“ஓம் மிஸ். குறைச்சுத் தாங்கோ.”

“எங்கட அளவுகோல் எல்லாம் சரிபார்த்தது, ஐயா.”

“அளவுகோல் சரியா இருக்கும் மிஸ். நீங்கள் அளந்தது என்ர பிள்ளையை இல்லை, செல்வநாயகம் மாஸ்ரரை.”

நிசாந்தினி அலுமாரியைத் திறந்து வேறொரு பந்தியை எடுத்தார். கண்ணன் என்ற பையன் புகையிரதத்தில் அனுராதபுரம் போகும் கதை. அதைக் கலிஸ்ராவின் முன்னால் வைத்துக் கடிகாரத்தை அமத்தினார்.

கலிஸ்ரா விரலை முதல் வரியில் வைத்தாள். “சனிக்கிழமை காலை மாலா அம்மாவுடன் சந்தைக்குப் போனாள்,” என்று தொடங்கினாள். குரல் கணீரென்று இருந்தது. விரல் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. “மாலா பத்து எலு… எலுமிச்சம்பழம் வாங்கினாள்.”

நிசாந்தினி கடிகாரத்தை நிறுத்தினார். மேசையில் கிடந்த அறிக்கையை எடுத்தார், தேசிக்காய்ப் பந்தியைப் பார்த்தார், மூடினார்.

“ஆர் பிள்ளை இந்த இடத்தில தடக்கச் சொன்னது?”

கலிஸ்ரா கையைப் பின்னால் ஒளித்தாள்.

“இஞ்ச அடி இல்லை. இது என்ன எழுத்து, சொல்லு.”

நிசாந்தினியின் விரல் ‘ம’வில் இருந்தது. கலிஸ்ரா தகப்பனைப் பார்த்தாள். மத்தேயு தலையாட்டினார்.

“தெரியாது, மிஸ்.”

“கேட்டீங்களோ மிஸ்!” என்று மத்தேயு எழும்பினார். மகள் மேடையில் பரிசு வாங்கியதுபோல அவருடைய முகம் மலர்ந்தது.

நிசாந்தினி அன்றே கொழும்புக்கு எழுதினார்: பிள்ளைகள் பாடமாக்கியிருக்கிறார்கள், பெறுபேறு செல்லாது, இந்தப் பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டும். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. களத்திலிருந்து கிடைத்த பயனுள்ள கருத்துக்கு நன்றி. அறிக்கை அச்சாகிவிட்டதால் ஆசிரியர் நியமனத்தை மாற்ற இயலாது. ஆனால் அடுத்த பதிப்பில் எலுமிச்சம்பழம் நீக்கப்பட்டுத் தேசிக்காய் சேர்க்கப்படும்.

மத்தேயுவுக்கு அதை வாசித்துக் காட்டினார்.

“அப்ப ரீச்சர் வரமாட்டா. தேசிக்காய் வரும்,” என்றார் மத்தேயு.

“பொறுங்கோ ஐயா.” நிசாந்தினி கைநூலைப் புரட்டினார். சந்தேகத்துக்குரிய பெறுபேறுள்ள பிள்ளையைக் கள உத்தியோகத்தர் மறுசோதனை செய்யலாம் என்று பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எத்தனை தடவை என்று இல்லை. ஒரு மறுசோதனை எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்றும் இல்லை. “வியாழக்கிழமை பின்னேரங்களில கூட்டிக்கொண்டு வருவீங்களோ?”

அன்றிலிருந்து கலிஸ்ரா வியாழன்தோறும் மறுசோதனைக்கு உட்படுத்தப்பட்டாள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். கரும்பலகையும் மணலில் விரலால் எழுதுவதும் அந்தச் சோதனையில் அடக்கம். கடைசி ஒரு நிமிடம்தான் கடிகாரம். பெறுபேறுகள் முறைப்படி கொழும்புக்குப் போயின: சைபர், சைபர், சைபர், இரண்டு, இரண்டு, ஐந்து. எண்பத்தெட்டில் இருந்த பிள்ளை சைபருக்கு விழுந்து, இப்போது ஐந்துக்கு ஏறுவது அளவுகோலின் நம்பகத்தன்மையைப் பாதிக்கிறது என்று அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நிசாந்தினி மிகவும் வருந்துவதாகப் பதில் எழுதிவிட்டு, ஏழாம் வாரத்துக்கு எழுத்து அட்டைகள் வெட்டினார்.

ஐப்பசியில் புதிய பதிப்பு வந்தது. அதுவரை அது எந்தப் போனுக்கும் போயிருக்கவில்லை. நிசாந்தினி முதல் பிரதியைக் கலிஸ்ராவின் முன்னால் வைத்துக் கடிகாரத்தை அமத்தினார். புதுப் பந்தியில் சந்தைக்குப் போகிறவன் யோகன். அவன் வாங்கியதுதான் பதினேழாவது சொல்.

கலிஸ்ரா எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். நிமிடம் முடிந்தபோது ஏழாவது சொல்லில் நின்றாள். நிசாந்தினி நிறுத்தவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது. பதினாறாவது சொல்லைக் கடந்து அடுத்ததில் விரலை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“தெரியாது, மிஸ்,” என்றாள். கை மேசையிலேயே இருந்தது.

“சரி. முதல் எழுத்து?”

“தே.”

மத்தேயு கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய வளவில் அந்த மரம் காய்த்துக் கொட்டுகிறது. வாயைத் திறந்தவர், நிசாந்தினி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“தே… சி…” என்றாள் கலிஸ்ரா. கடிகாரம் நான்கு நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.