எழுத்து முடிஞ்சுதோ?

விமலநாதனுக்கு ஒருவகை ஆட்களைக் கண்ணில் காட்டக்கூடாது. கடதாசிகளை ஒழுங்காக வைக்காதவர்கள். குண்டசாலையில் அவர் வீட்டு அலுமாரியில் தண்ணீர் பில்லுக்கு ஒரு ஃபைல், நாய்க்கு ஊசி போட்ட அட்டைக்கு ஒரு ஃபைல். நாய் செத்து எத்தனையோ வருஷமாகியும் அதன் ஃபைல் மட்டும் உயிரோடு இருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதரிடம் தன் கலியாணச் சான்றிதழ் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி காந்திமதி நம்பினாள். மனிதர் ஒருநாளாவது ஒன்றைத் தொலைத்தாரே என்று உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் பட்டுக்கொண்டாள்.

மெல்பர்னில் இருக்கும் மகள் நிவேதிகாவுக்கு இது தலைப்பிள்ளை. பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம். பெற்றோர் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விசாவுக்கு வேண்டியதையெல்லாம் அவர்கள் கேட்கும் முன்பே விமலநாதன் கொண்டுபோய்க் கொடுத்தார். சான்றிதழில்தான் வண்டி நின்றது. அலுமாரியைக் கவிழ்த்துப் பார்த்தும் கிடைக்காததால், “பிரதியொண்டு எடுத்தாச் சரி” என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார்.

அங்கே விவாகப் பதிவாளராக இருந்தவர் ஸஹ்ரா, திகனவைச் சேர்ந்த பெண். பொறுமைசாலி. கணினியில் ஒருமுறை தேடினார், மறுபடி தேடினார், முன்னே பின்னே இரண்டு வருஷத்தையும் சேர்த்துத் துழாவினார்.

“ஈக்கல்ல அங்கிள். டபிள்யூ போட்டும் பாத்தேன், வீ போட்டும் பாத்தேன். ஆன்ட்டிட பேர்லயும் ஒண்டும் இல்ல.”

“வடிவாப் பாருங்கோ பிள்ளை. நான் கையெழுத்து வைச்சனான். இவவும் வைச்சவ. நாலு பேர் பாத்துக்கொண்டு நிண்டவை.”

“எந்தப் பதிவாளர் வந்து எழுதின?”

“பேர் தெரியாது. கோட்டுப் போட்ட ஆள். மேசையில பெரிய கொப்பியொண்டு வைச்சிருந்தவர். புசல்லாவையில இவவின்ர அப்பாதான் எல்லாம் ஒழுங்குபடுத்தினது. தாலி கட்டி முடிஞ்ச உடன நான் பொறுப்பா ‘எழுத்து முடிஞ்சுதோ’ எண்டு கேட்டனான். ‘எழுத்தெல்லாம் முடிஞ்சிருச்சு மாப்ள, ஒரு கையெழுத்துப் போட்டுருங்க’ எண்டு இவவின்ர அப்பா சொன்னார். போட்டனான்.”

கோட்டு என்றதும் காந்திமதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. கைபேசியை எடுத்துப் புசல்லாவையில் இருக்கும் தன் அண்ணன் முத்துவேலை அழைத்தாள். அவருக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஆகவே பேசியது செயலகம் முழுக்கக் கேட்டது.

“அண்ணே, எங்க கல்யாணத்துல கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தர் எழுதுனாரே, அவரு யாரு?”

“நம்ம தோட்டத்து ஆபீஸ் கிளார்க் ஐயா தாம்மா! மொய் எழுதுனாரு. ஆபீஸ்ல கையெழுத்து வாங்காம ஒரு வெளக்குமாறு கூட குடுக்க மாட்டாரு அவரு. அந்தப் பழக்கத்துல மொய்க்கும் பொண்ணு மாப்ளகிட்ட கையெழுத்து வாங்கிப்புட்டாரு. ஏன், இப்ப அதுக்கு என்ன?”

“அப்ப கல்யாணத்தப் பதிஞ்சது?”

“அது மாப்ள வீட்டு வேலையில்ல? யாழ்ப்பாணத்துல வச்சுச் செஞ்சுக்குவாங்கன்னு அப்பா சொன்னாரே.”

விஷயம் இவ்வளவுதான். யாழ்ப்பாணத்தாரான விமலநாதனுக்கு எழுத்து என்றால் கலியாணப் பதிவு; அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்துக் கலியாண வீட்டிலோ, எழுத்து முடிந்தது என்றால் மொய் எழுதி முடிந்தது என்று பொருள். மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டார், மாமனார் வேறொன்றுக்குப் பதில் சொன்னார், இருவரும் பரம திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். காந்திமதியும் கையெழுத்துப் போட்டவள்தான். தலை குனிந்திருந்த கலியாணப் பெண் என்ன கொப்பி என்று எங்கே பார்த்தாள்? பிறகு நிவேதிகாவின் பிறப்பைப் பதியும்போது, பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்டதற்கு விமலநாதன் “ஓம்” என்றார், எழுதிக்கொண்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து ஆதாரம் கேட்க யாருக்குத்தான் மனசு வரும்!

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். ஸஹ்ரா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“கோயில்ல தாலி கட்டி இவ்வளவு காலம் வாழ்ந்த உங்கள புருசன் பொஞ்சாதி இல்லண்டு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா இல்லாத பதிவுக்கு நான் எப்பிடிச் சேர்ட்டிபிகேட் தார? இப்ப பதிஞ்சீங்கண்டா தரலாம். அறிவித்தல் குடுத்தா ரெண்டு கிழமை, பதினாலு நாள் கழிச்சு எழுதலாம். அவசரம்டா மாவட்டப் பதிவாளர்ட லைசன்ஸ் எடுத்துட்டு உடனேயே முடிக்கலாம்.”

“லைசன்சே எடுப்பம்,” என்றார் விமலநாதன். அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தது. “படிவத்தைத் தாங்கோ, நான் நிரப்புறன். இவ கையெழுத்து வைப்பா.” அதோடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பார். “இவவின்ர ஆக்கள் அண்டைக்கே விளங்கச் சொல்லியிருந்தா இந்த அலைச்சல் வந்திருக்காது” என்று ஒரு முணுமுணுப்பையும் சேர்த்துவிட்டார்.

காந்திமதி படிவத்தை அவர் பக்கமாகவே தள்ளினாள். “நான் போட மாட்டேன்.”

“ஏன்?”

“என்னைய யாரு கேட்டா?”

அவளுக்கே தன் வாயிலிருந்து வந்தது ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் வந்தபிறகு, அது எத்தனை காலமாக உள்ளே கிடந்தது என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் விமலநாதன் புசல்லாவைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு மருந்து வாங்க இவள் போவாள். பொட்டலத்தைக் கொடுப்பார், மிச்சக் காசைக் கொடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு ஒருநாள் அவருடைய மாமா வந்து அப்பாவைக் கேட்டார். அப்பா அண்ணனைக் கேட்டார். அண்ணன் சோதிடரைக் கேட்டார். ஊரில் கேட்காதவர்கள் பாக்கியில்லை, கட்டிக்கொள்ளப் போகிறவளைத் தவிர. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்காதது இன்னும் உறைத்தது.

“இப்பத்தான் சட்டப்படி ஒண்ணும் ஆகலையே,” என்றாள் எழுந்துகொண்டே. “கேளுங்க. கேட்டா யோசிக்கிறேன்.”

அதன்பிறகு குண்டசாலை வீட்டில் ஒரு வாரம் வேடிக்கையாகப் போனது. சண்டை என்று சொல்லமுடியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, தேநீர் வந்தது, கையெழுத்து மட்டும் வரவில்லை. விமலநாதனும் சும்மா இருக்கவில்லை. கண்டி டவுனுக்குப் போய் அவளுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கி வந்தார். அவள் பெயரில் புதிதாக ஒரு ஃபைல் திறந்தார். பலாப்பழம் தூக்கி வந்து எண்ணெய் தடவிய கையோடு தானே சுளை பிரித்தார். கேட்கவேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் செய்தார்.

ஒருநாள் மாலை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“இஞ்சேரும்…”

காந்திமதிக்குக் கை நின்றுவிட்டது. மூச்சும்தான்.

“என்ர கண்ணாடியக் கண்டனீரோ?”

“தலையில இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பழிவாங்கினாள்.

அன்றிரவு நிவேதிகா அழைத்தாள். முதல் நாள் முழுக்கதையும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் அவள்தான். “அம்மா, அப்பா இன்னும் கேக்கலையா? விட்டுடாதீங்க!” என்று இன்றும் சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “ஆனா அம்மா, நீங்க வருவீங்கதானே? எனக்குப் பயமா இருக்கு.”

காந்திமதி கைபேசியை வைத்துவிட்டு யோசித்தாள். இந்த மனிதர் கேட்கும் சாதி இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? இவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். பிள்ளையை அங்கே தனியாகத் தவிக்கவிட்டு இங்கே ரோஷம் பார்த்து என்ன கண்டது? போகட்டும் என்று முடிவெடுத்தாள். முடிவெடுத்த பிறகு கொஞ்சநேரம் அழுதாள். அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

காலையில் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். “வாங்க, போவோம். போட்டுத் தர்றேன்.”

விமலநாதன் ஃபைலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வென்றவர் முகமாக அது இல்லை. பஸ் ஏறினார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஃபைலின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

ஸஹ்ரா படிவத்தை விரித்து வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். காந்திமதி பேனையை எடுத்தாள்.

“பொறும்,” என்றார் விமலநாதன். தன் உள்ளங்கையைப் படிவத்தின்மேல் விரித்து வைத்தார். பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். இவர் அவர்களைப் பார்க்கவில்லை.

“கிழமைக்கு ரெண்டு தரம் மருந்துக்கு வருவீர். ஒவ்வொரு தரமும் கேப்பம் எண்டு நினைப்பன். கேக்கேல்ல. நீர் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா, பிறகு வேற கடைக்குப் போயிருவீர் எண்டு பயம். அதுதான் மாமாவை அனுப்பினனான். அப்பா மாட்டன் எண்டாலும் மருந்துக்கு நீர் வருவீர்தானே.” படிவத்தின்மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. “போன கிழமை முழுக்கவும் அந்தப் பயம்தான். இப்ப நீர் சட்டப்படி என்ர மனுசி இல்லை. மாட்டன் எண்டு சொல்ல உமக்கு வழியிருக்கு. எண்டாலும் கேக்கிறன். விசாவுக்காண்டி இல்லை. காந்தி, என்னைக் கலியாணம் கட்டுவீரோ?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காந்திமதி இந்தக் கேள்விக்கு ஒரு வாரமாக நல்ல நறுக்கான பதில்கள் நாலைந்து சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைக்குப் போய்வந்த அந்த நாளெல்லாம், தன்னைக் கண்டாலே பிடிக்காத ஆள் என்றல்லவா இவரை நினைத்திருந்தாள்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“கையை எடுங்க,” என்றாள் கடைசியில். “எடுத்தாத்தானே போட முடியும்? கட்டிக்கிறேன்.”

ஸஹ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பேனையை எடுத்தார். “அப்ப லைசன்ஸுக்கே எழுதவா?”

“ஓம் ஓம்,” என்றார் விமலநாதன்.

“வேணாம் மிஸ்,” என்றாள் காந்திமதி. “சாதாரண அறிவித்தலே போடுங்க. ரெண்டு கிழமைன்னா விசாவுக்கு நாளு இருக்கு. போன தடவ பொண்ணு பாத்த கையோட தாலியக் கட்டிட்டாங்க. இந்தத் தடவ நான் ரெண்டு கிழமை கல்யாணப் பொண்ணா இருக்கப் போறேன்.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?” என்றார் விமலநாதன் பரிதாபமாக.

“நான் புசல்லாவையில அண்ணன் வீட்டுல இருப்பேன். என்னையப் பாக்கணும்னா பஸ் ஏறி அங்க வாங்க. வந்தா வாயத் தொறந்து பேசணும்.”

விமலநாதன் ஃபைலை மூடினார். நாடாவைக் கட்ட மறந்துபோனார்.

“வாறன்,” என்றார். “நாளைக்கே வாறன்.”