ஐந்தாவது வாரம் சாகிறவள்

தொலைக்காட்சித் தொடரில் ஐந்தாவது வாரம் சாகிற பெண் நான்தான். பெயர் மிசாவா. வகுப்பில் யாரும் பேசாத, கடைசியில் மாடியிலிருந்து குதிக்கிற மாணவி. என் சொந்தப் பெயர் ஹதானோ. என் நிஜப் பள்ளியிலும் யாரும் என்னோடு பேசவில்லை. நான் குதிக்கவில்லை, போவதை நிறுத்திக்கொண்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

தொச்சிகி மாவட்டத்தில் மூடிக் கிடந்த ஒரு பள்ளியில் நாற்பது நாள் படப்பிடிப்பு. என் வகுப்பு மாணவர்களாக நடிக்க முப்பது பேர், எல்லாரும் என் வயதுப் பிள்ளைகள். கிளம்பும் முன் அம்மாவோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இந்த முப்பது பேரில் ஒருவராவது என்னோடு பழகினால் கோளாறு என்னிடம் இல்லை, ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும்போது பள்ளிக்குத் திரும்பிவிடுவேன். இல்லையென்றால் விலகல் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிடுவேன். அம்மா சம்மதித்துத் தன் பெயர் முத்திரை குத்திக் கொடுத்த அந்தக் காகிதம் என் பையிலேயே இருந்தது.

முதல் நாள் மதியம் ஒரு பை ஆரஞ்சு கொண்டுபோனேன். முரோய் பக்கத்தில் இடம் இருந்தது. தொடரில் என் செருப்பைக் குப்பைத் தொட்டியில் போடுகிறவள் அவள்.

"இங்க உக்காரலாமா?" என்றேன்.

சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மற்றவர்களும் குளிர்காயும் அடுப்புப் பக்கமாக நகர்ந்தார்கள். அப்போது கேமரா ஓடவில்லை. ஆரஞ்சு முழுவதையும் மூன்று நாள் நானே தின்று தீர்த்தேன்.

ஒப்பனைக்கார அக்கா மட்டும் பேசுவாள்.

"உன் மூஞ்சிக்குச் சோகம் பூசவே வேண்டாம்டி. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

"அப்ப பாதிச் சம்பளத்த எனக்குக் குடுங்கக்கா."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல!"

அவளுக்கு வயது முப்பத்தைந்து. என் கணக்கில் சேர மாட்டாள்.

மூன்றாவது வாரத்தில் வலிப்பது நின்றுவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். இயக்குநர் குசுமோட்டோ ஒவ்வொரு காட்சிக்கும் "அருமை, அருமை" என்றார். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை.

கடைசி நாள் காலை, வேன் வருவதற்கு முன் ரயில் நிலையத்து வாசல் தபால் பெட்டியில் விண்ணப்பத்தைப் போட்டேன். அழுகை வரவில்லை. குளிராக இருந்தது, கையுறையை மாட்டிக்கொண்டேன்.

பிற்பகலில் மெத்தைமேல் குதித்தேன். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. உதவி இயக்குநர் வழக்கம்போல் சத்தமாக அறிவித்தார்.

"மிசாவாவா நடிச்ச ஹதானோவுக்கு இதோட வேலை முடிஞ்சுது! எல்லாரும் கைதட்டுங்க!"

வேலை முடிகிறவருக்குப் பூங்கொத்து தருவது எல்லாப் படப்பிடிப்பிலும் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு முரோய் வந்தாள். மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரு ஹதானோ! உங்கூடப் பேசவே கூடாதுன்னு டைரக்டர் சார் முதல் நாளே சொல்லிட்டார். அத உங்கிட்ட சொல்லவும் கூடாதாம். தினம் கழிவறையில போய் அழுதேன், தெரியுமா?"

"நாங்களுந்தான்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "இன்னிக்கு எல்லாரும் ராமென் சாப்பிடப் போறோம். வரலேன்னா தூக்கிட்டுப் போயிடுவோம்!"

குசுமோட்டோ என் தோளைத் தட்டினார். "உனக்குத் தெரிஞ்சிருந்தா இந்த முகம் கிடைச்சிருக்காதும்மா. பசங்களப் பாரு, ஒருத்தர்கூடத் தவறல."

அவருக்கு அதில் ஏகப் பெருமை.

கோளாறு என்னிடம் இல்லை என்றாகிவிட்டது. பள்ளிக்கு ஒரு போன் போட்டால் விண்ணப்பத்தை நிறுத்திவிடலாம், அதுவும் எனக்குத் தெரியும். அந்த முப்பது முகங்களையும் பார்த்தேன். ஒன்றுகூடக் கெட்ட முகமில்லை. பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, ஒருத்தியை நாற்பது நாள் இல்லாதவளாகவே நடத்தியிருக்கிறார்கள். என்னை வெறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

"பரவாயில்ல," என்றேன். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு முறைப்படி எல்லாருக்கும் குனிந்து வணங்கினேன். மறுபடி கைதட்டினார்கள்.

ராமெனுக்குப் போனேன். எல்லாரும் ஒரே நேரத்தில் என்னோடு பேசினார்கள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பள்ளிக்குப் போன் செய்யவில்லை.