பதினேழாம் எண்ணின் அட்டை

பதினேழாம் எண்ணின் அட்டை மட்டும் மற்ற முப்பத்தொன்பதோடு ஒத்துப்போகவில்லை. நீதிமன்றம் எங்கள் ஒலியியல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்த அந்த நாற்பது அட்டைகளும் கல் உடைக்கும் ஆலையில் வேலை பார்த்துக் காது போனவர்களுடையவை. ஆலையிலேயே சில வருடங்களுக்கு ஒருமுறை எடுத்த செவிச் சோதனைகள். பெயருக்குப் பதில் எண். முதல் எட்டு வருடம் ஆலையை ஒரு முதலாளி நடத்தினார். அவரிடம் வாங்கியவர் இருபதாம் வருடம் வரை ஓட்டிவிட்டு, மூடிவிட்டு, ஆளே இல்லாமல் போய்விட்டார். ஆகவே வழக்கில் ஒரே கேள்விதான்: யாருக்கு எந்த வருடத்தில் காது போனது? எட்டுக்குள் என்றால் முதல் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் வெறுங்கை. இரைச்சலில் ஒரு காது எப்படி வருடம் வருடமாகச் சாகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

"இந்தப் பதினேழு ஒண்ணுதான் உதைக்குது," என்றார் பேராசிரியர். "அஞ்சாம் வருஷம் ஆளுக்குப் பாம்புக் காது. பேச்சு விழாமப் போனது பன்னெண்டுலதான்னு வருது. மத்தவங்களுக்கெல்லாம் ஏழுலயே காது போயிடுச்சு. அட்டை நம்பற மாதிரி இல்லேன்னா தள்ளிடும்மா, மத்தவங்க கணக்கையே அவருக்கும் போட்டுடலாம். காரணம் மட்டும் ஒரு வரி எழுதிடு."

பதினேழாம் எண் என் அப்பா என்பது பேராசிரியருக்குத் தெரியாது. பிறந்த தேதியையும், வலது கட்டைவிரல் நசுங்கியது என்ற குறிப்பையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த ஐந்தாம் வருடம் எனக்கு ஒன்பது வயது. இமைமயிரெல்லாம் கல்தூசியோடு அப்பா வேலையிலிருந்து வந்து "சோப்பு எங்க?" என்று கேட்டார். "இதோ கொண்டு வரேன்பா," என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை கேள்வி வரவில்லை, சம்மட்டிக் காம்புதான் வந்தது. முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்க இடது கையைத் தூக்கினேன். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் என் கைக்குள்ளிருந்தே கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. விழுந்த பிறகும் இடுப்பில் இரண்டு மிதி. "கேட்டா பதில் சொல்ல மாட்டே? வாயைத் தைச்சா வச்சிருக்கே?"

மருத்துவமனையில் கட்டுப் போடும்போது அம்மா என் காதோரம் குனிந்து சொன்னாள்: "அப்பாவுக்குக் காது கேக்கலடி. மிஷின் சத்தத்துல போயிடுச்சு. நீ சொன்னது அவருக்கு விழல." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தேன். அதன் பிறகு எனக்கும் அம்மாவுக்கும் விழுந்த அத்தனை அடியையும் ஆலையின் தலையில் போட்டேன். கல்லூரியில் சேர்ந்தபோது ஏன் ஒலியியல் என்று கேட்டார்கள். ஆர்வம் என்று சொல்லிவைத்தேன்.

அட்டை சொல்வது வேறு. பேச்சு இருக்கும் சுருதிகளில் அன்றைக்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை. கொசுவின் ரீங்காரம் வேண்டுமானால் கொஞ்சம் மங்கியிருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையின் "அப்பா" மங்கியிருக்காது. சோதனை நடந்த அறை சத்தமாக இருந்தது, ஆகவே ஏற்கத்தக்கதல்ல என்று எழுதி அட்டையைத் தள்ளிவிடலாம், வக்கீல்கள் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சத்தமான அறையில் நல்ல காதுதான் மோசமாகத் தெரியும். மோசமான காது ஒருநாளும் நல்லதாகத் தெரியாது. இது எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் கீழுதடு பிளந்து வீங்கியிருந்தது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவு மோதிரம் போட்டிருந்துச்சோ?"

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணி மடித்துக்கொண்டே, "எட்டு வருஷத்துக்குள்ளன்னு வரணுமாமே, வக்கீல் சொன்னாரு. போட்டுக் குடேன். உன் பேனா தேஞ்சா போயிடும்?" என்றாள்.

"அஞ்சாம் வருஷம் அவருக்கு நல்லாக் கேட்டிருக்கும்மா. என் கை உடைஞ்ச வருஷம். அட்டையில இருக்கு."

அம்மா ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்தாள். "அதுக்கு அட்டை வேற வேணுமாக்கும். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நான் குசுகுசுன்னு பேசினதை, ஒரு வார்த்தை பிசகாம திருப்பிச் சொல்லிச் சொல்லித்தானே மனுஷன் அடிப்பாரு."

"தெரிஞ்சேவா எங்கிட்ட அப்படிச் சொன்னே?"

"பின்னே? உங்கப்பன் கேட்டுக்கிட்டேதான் உடைச்சான்னு சொல்லச் சொல்றியா, ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட? காது கேக்கலன்னேன். அழுகையை நிறுத்திட்டே."

அப்போது அப்பா பின்கட்டிலிருந்து வந்தார். பழுது பார்க்கக் கழற்றிய நாற்காலிக் கால் கையில் இருந்தது. எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தார். "என்ன, என்னைப் பத்தியா?"

"ஒண்ணுமில்லைங்க," என்று அம்மா கத்தினாள்.

"கேக்கறேன்ல?"

"ஒண்ணுமே இல்லைங்க!"

கட்டை அம்மாவின் கழுத்தடியில் இறங்கியது. மடித்த துணிமேலேயே கவிழ்ந்து விழுந்தாள். அடுத்த அடி ஓங்கும்போது அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மறுகையால் என் கன்னத்தில் அறைந்தார். பல் உதட்டில் ஏறி வாயெல்லாம் ரத்தம். தலையால் அவர் நெஞ்சில் முட்டிச் சுவரோடு சாய்த்தேன். பின்மண்டை சுவரில் மோதியது. இருபது வருடம் பாறை உடைத்த உடம்பு, பிடியில் இத்தனை லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கட்டை என் கைக்கு வந்திருந்தது. அதைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தேன். கீழே கிடந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னேன்:

"பன்னெண்டாம் வருஷம்பா. அப்படித்தான் எழுதப் போறேன்."

அப்பா ஓங்கிய கட்டையைப் பார்க்கவில்லை. ரத்தம் ஒழுகும் என் உதட்டையே உற்றுப் பார்த்தார். பிறகு, என்னை அறைந்த அந்தக் கையை மெல்லத் தூக்கி, காதுக்குப் பின்னால் குவித்து, என் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.