பஞ்சு பேசத் தொடங்கிய விதம்

பஞ்சுக்கு மூன்று வயது. பஞ்சு மாதிரி முடி, பஞ்சு மாதிரி நடை. பேச்சு மட்டும் வரவில்லை. வேண்டியதை, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். அவள் அம்மாவோ ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊருக்கே வழி சொல்லும் குரல், வீட்டில் ஒரு பதிலுக்கு ஏங்கியது.

நேரம் வந்தால் தானாகப் பேசுவாள் என்றாள் நாத்தனார். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் முறை வர மாதக்கணக்காகும் என்றதும் தனியார் பேச்சுப் பயிற்சியாளர்களைத் தேடினார்கள். முதலில் போன இடத்தில் தேனொழுகப் பேசினார்கள். சீக்கிரமே மழையாகப் பொழிவாளாம். பெற்றோர் வெளியே உட்கார்ந்தால் போதுமாம். அப்பா வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர். மனைவியின் காதைக் கடித்தார்.

“மூடியக்கூடத் தொறந்து பாக்கல, அதுக்குள்ள கேரண்டி தர்றாங்க. வா, போலாம்.”

அடுத்த இடம், மாடியில் ஒரே அறை. பயிற்சியாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்த பெண். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அப்பா கூச்சத்தோடு கேட்டார். அவசியம் கேட்க வேண்டியதுதான் என்று சொல்லிச் சான்றிதழைக் காட்டினாள். முதலில் பஞ்சுவின் காதைப் பரிசோதித்து வரச் சொன்னாள். காதில் குறையில்லை. எப்போது பேசுவாள் என்றதற்கு, அந்த வாக்கு மட்டும் தர முடியாது என்றாள்.

அறையில் வெயில் பாலாடை போலப் படிந்திருந்தது. மூவரையும் தரையில் உட்காரவைத்து அவள் சோப்புக் குமிழி ஊதினாள். நிறங்கள் மிதந்து போய்ச் சுவரில் கரைந்தன. சட்டென்று நிறுத்திவிட்டுப் பஞ்சுவைப் பார்த்தாள். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. இன்னும் வேணுமா, ஊதுன்னு சொல்லு, ஆன்ட்டியப் பாரு என்று அடுக்கினாள்.

“அவ பதில் வர்ற வழியில ஒரு ஆள் நிக்கிறாங்க,” என்றாள் பயிற்சியாளர் மெதுவாக.

“யாரு?”

“நீங்கதான்.”

அம்மா சிரித்தாள். பிறகு கண் கரித்தது. வாரம் ஒருமுறை இந்த அறையில் போடுவது விதை மட்டுமே, தண்ணீர் வீட்டில்தான் என்றாள் பயிற்சியாளர். சொல்லு சொல்லு என்று நச்சரிக்க வேண்டாம். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

காத்திருப்பது அம்மாவுக்கு மலையைப் புரட்டுவதாக இருந்தது. வாயை மூடினால் தொண்டை அரித்தது. பல வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு காலை, பஞ்சுவைக் குளிப்பாட்டும்போது, “ஊத்து” என்று சொல்லி ஊற்றினாள். மறுபடி மொண்டு, குவளையை அந்தரத்தில் நிறுத்தினாள். ஆவி மெல்ல எழுந்தது. கண்ணாடி மங்கியது. குளியலறை வாசலில் நின்ற அப்பா வாயெடுக்க, கையால் தடுத்தாள். குழந்தை குவளையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நீரடியில் இருப்பதுபோல் எல்லாம் அசைவற்றிருந்தது.

“ஊ,” என்றாள் பஞ்சு.

அம்மா ஊற்றினாள். “ஊ.” மறுபடி ஊற்றினாள். தண்ணீர் தீரும்வரை ஊற்றினாள். அப்பா இன்னொரு வாளி நிரப்பிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகும் மழையாகப் பொழிந்துவிடவில்லை. சில வாரம் ஒரு சொல் வந்தது, சில வாரம் வந்ததும் போனது. “அக்கா” என்று முதலில் அழைத்தது எதிர்வீட்டுப் பூனையை. பூனை திரும்பிப் பார்த்தது.